வேலை முடிந்த பிறகு என்றால் எப்போது?

கேள்வி: நியூஜெர்சியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள். உடன் பணிபுரியும் யூத நண்பர் வெள்ளிக்கிழமை மாலை கைபேசியை அணைத்தால் சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் எடுக்கிறார். தினமும் ரயிலில் தல்மூத் என்ற யூதச் சட்ட விளக்க நூலில் ஒரு தாள் படிக்கிறார். எனக்கோ பிள்ளைகளோடு பேசவும் நேரமில்லை, புத்தகத்தைத் தொடவும் நேரமில்லை. அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது?

பதில்: உங்கள் நண்பருக்கும் வேலை முடிவதில்லை. வெள்ளி மாலை முதல் சனி இருட்டும்வரை யூதர்களின் ஓய்வுநாள்; சூரியன் மறையப் போகிறது என்பதற்காகப் பாதியில் நிறுத்திவிட்டு எழுகிறார். நீங்கள் வேலை முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள். ஓய்வு கிடைக்கும்போது படிக்கிறேன் என்று சொல்லாதே, அது கிடைக்காமலே போகலாம் என்று ஹில்லேல் என்ற ஞானி எச்சரித்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

நேரமில்லாதவர் என்றால் எனக்கு நினைவுக்கு வருபவர் மைமோனிடிஸ். எகிப்தில் அரண்மனை மருத்துவர். யூதச் சட்டத்தில் பேரறிஞர். தன் நூலை மொழிபெயர்த்தவருக்கு 1199இல் எழுதிய கடிதத்தில் தன் அன்றாடத்தை விவரிக்கிறார். காலையில் தான் வசித்த ஃபுஸ்தாத்திலிருந்து அரண்மனை இருந்த கெய்ரோவுக்குப் போவார். பிற்பகலில் பசியோடு திரும்பினால் முன்கூடம் நிறைய நோயாளிகள். அவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அன்றைய ஒரே உணவைச் சாப்பிடுவார். இரவிலும் கூட்டம் குறையாது. களைப்பு மிகுதியால் படுத்தபடியே மருந்து சொல்வார். தன் சமூகத்தார் தன்னைத் தனியே சந்திக்க முடிவது சனிக்கிழமை மட்டும்தான் என்கிறார். அன்று காலைத் தொழுகை முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து நண்பகல்வரை படிப்பார்.

தினமும் ஒரு தாள் என்பது மெயிர் ஷாபிரோ என்ற ரப்பி (யூத மதகுரு) 1923இல் வியன்னாவில் முன்வைத்த திட்டம். மொத்தம் 2,711 தாள்கள், ஏறக்குறைய ஏழரை ஆண்டுகள். இதில் சேர்ந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு அதே தாளைத்தான் படிக்கிறார்கள். இருவராகச் சேர்ந்து படிப்பதும் அவர்களிடம் பழைய வழக்கம். ஒருவர் வாசிப்பார், மற்றவர் "அதெப்படி?" என்று மடக்குவார். மன உறுதியை மட்டும் நம்பாமல், உங்களுக்காகக் காத்திருக்கும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய மத விதிகள் உங்களுக்குத் தேவையில்லை. வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரம் வந்தால்? உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறியே ஆக வேண்டும் என்பது அவர்களின் சட்டம். திங்கட்கிழமை தர வேண்டிய அறிக்கை அந்தக் கணக்கில் சேராது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் சனிக்கிழமைச் சாப்பாடு வெள்ளிக்கிழமையே அடுப்பேறிவிடும். இறைச்சியும் பயறும் பார்லியும் சேர்ந்த சோலன்ட் இரவெல்லாம் இளஞ்சூட்டில் வேகும். அதற்கு முன்பு அந்த வீட்டில் எவ்வளவு வேலை, யார் செய்கிறார்கள் என்று நண்பரிடம் கேளுங்கள். உங்கள் ஓய்வு மனைவியின் தலையில் கூடுதல் சுமையாக விழக்கூடாது. சமையலில் பாதி உங்களுடையது.

அந்த வெள்ளி இரவுகளில் பெற்றோர் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கைவைத்து வாழ்த்துவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது; ஆனால் வாரம் தவறுவதில்லை. மகனுக்குத் தங்கள் வேதமான தோராவையும் ஒரு தொழிலையும் கற்றுத்தருவது தகப்பனின் கடமை என்கிறது தல்மூத். நீச்சலையும் சேர்க்கிறார்கள் சிலர். உங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் பிடிக்காவிட்டால் முதல் சில வாரங்கள் நீச்சல் குளத்துக்கே அழைத்துப் போங்கள்.