டிரைவ் ஷாஃப்டில் எத்தனை வகை? சைக்கிளில் செயினுக்குப் பதில் அதைப் போட முடியுமா?

முடியும். டிரைவ் ஷாஃப்ட் என்றால் சுழன்று சக்கரத்துக்கு முறுக்கைக் கொண்டுபோகும் தண்டு. நான் நான்கு வருடம் அப்படி ஒரு சைக்கிளை ஓட்டியிருக்கிறேன். 1890களிலேயே கொலம்பியா போன்ற அமெரிக்க சைக்கிள்கள் செயின் இல்லாமல் வந்துவிட்டன.

செயின் கழன்று கையெல்லாம் கறுப்பான எரிச்சலில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வகைகள் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். முறுக்கைப் பெரும்பாலும் தாங்குவது தண்டின் வெளிப்பகுதி என்பதால், திடமான தண்டைவிடக் குழாய் எடைக்கு நல்லது. லாரியில் அச்சு மேலும் கீழும் ஆடும், அதனால் தண்டின் கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் யுனிவர்சல் ஜாயின்ட் என்ற இணைப்பு வேண்டும். பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளுக்கு அது தேவையே இல்லை.

சிக்கல் தண்டில் இல்லை, இரண்டு முனையிலும் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் சாய்வுப் பல்சக்கரமான பெவல் கியரில். 60 கிலோ ஆள் எழுந்து நின்று மிதித்தால் 17 செ.மீ. கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் கையில்) சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரும். ஒரு லிட்டர் கார் எஞ்சின் பலவும் தருவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். செயினில் இதைப் பல பற்கள் பங்குபோடும். இங்கே ஒன்றிரண்டு பற்கள்தான்.

எனக்கு நடந்ததும் அதுதான். இரண்டாம் வருடம் பஞ்சர் ஒட்டப் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். ஆக்சில் மயிரிழை விலகி உட்கார்ந்ததில் பற்கள் சரியாகப் பொருந்தவில்லை, நான் கவனிக்கவில்லை. மறுநாள் ஏற்றத்தில் 'டக் டக்' என்று சத்தம், பெடல் காலடியில் நழுவியது. மூடியைத் திறந்தால் கிரீஸ் முழுக்க மினுமினுவென்று இரும்புத் தூள், இரண்டு பற்களின் முனை காணோம். அந்த ஒரு கியரை மட்டும் கேட்டேன். தனியாகக் கிடையாதாம், முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் இப்போது இதே கதை. பத்துப் பைசா பெறாத பாகம் போனால் பாதிப் பொருளையே மாற்றச் சொல்கிறார்கள். ரிப்பேர் செய்யவே முடியாதபடி ஒரு பொருளைச் செய்வது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உடனே 'செயின்தான் சிறந்தது' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நன்றாக எண்ணெய் போட்ட செயின் 95 சதவீதத்துக்கு மேல் சக்தியைக் கடத்தும், ஷாஃப்ட் அதற்குக் கீழேதான், எடையும் கூடுதல். பந்தயத்துக்கு வேண்டாம். மழையிலும் சேற்றிலும் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு, வேட்டியோ சேலையோ சிக்காமல் ஓட்ட நினைப்பவருக்கு, ஹப் கியரோடு (பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் கியர்) சேர்த்து வாங்கலாம்.

வாங்கினால், பின்சக்கரத்தைக் கழற்றும் முன் ஆக்சில் உட்காரும் இடத்தைச் சட்டத்தில் பெயின்டால் குறித்துவையுங்கள். மாட்டியபின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகினாலும் ஏறி ஓட்டாதீர்கள், கழற்றித் திரும்ப மாட்டுங்கள்.