டாரன்டுலா மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று அர்த்தமா?

மூன்று வாரமாகச் சாப்பிடாத டாரன்டுலா (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) காலையில் மல்லாந்து கிடக்கிறது, புரட்டிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். பெட்டியைத் தட்டிப் பார்க்காதீர்கள், நகர்த்தாதீர்கள், மூடியையும் திறக்க வேண்டாம். அது சட்டை உரிக்கப் போகிறது.

செத்த டாரன்டுலா பெரும்பாலும் நேராகத்தான் இருக்கும், கால்கள் மட்டும் உடம்புக்கு அடியில் சுருண்டு போயிருக்கும். சிலந்தி காலை மடக்குவது தசையால், நீட்டுவதோ பெரும்பாலும் உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். உயிர் போனால் அழுத்தமும் போய்விடும், கால் தானாகவே மடங்கிவிடும். மல்லாந்து கால்களை விரித்துக் கிடப்பது அப்படியல்ல. அதற்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தியிருக்கும், நிறம் மங்கியிருக்கும், தரையில் பாய் விரித்தது மாதிரி வலை பின்னியிருக்கும், முடி உதிர்க்கும் இனமாக இருந்தால் வயிற்றில் வழுக்கையான இடம் கறுத்திருக்கும். யோசித்துப் பாருங்கள், இதில் ஒன்றிரண்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் வளர்ப்பது சிவப்பு முட்டி இனம். முதல் தடவை மல்லாந்தபோது எனக்கும் கை பரபரத்தது, பெயின்ட் பிரஷை எடுத்துக் கால் நுனியைத் தொடப் போய்விட்டேன், கடைசி நொடியில் அது லேசாகத் துடித்ததால் பிழைத்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிற்றில் இருந்து திரவத்தை முன்பக்கம் தள்ளித் தள்ளி, முதுகின் மேலிருக்கும் ஓட்டினை டப்பா மூடி கழன்றுவருவது போலக் கழற்றியது. பிறகு வயிற்றின் பக்கவாட்டில் தோல் கிழிந்தது. அதற்கப்புறம்தான் கால்கள், ஈரமான கையுறையிலிருந்து விரல்களை உருவுகிற மாதிரி, கொஞ்சம் இழுப்பு, நீண்ட ஓய்வு, மறுபடி கொஞ்சம் இழுப்பு. குட்டிகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்கூட முடிந்துவிடும், பெரியவற்றுக்குப் பல மணி நேரம் ஆகும். நடுவில் அசையாமல் கிடந்தால் பதற வேண்டாம்.

தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம். தோலுரிக்க ஈரம் வேண்டும் என்று பலரும் பெட்டியை நனைத்துத் தள்ளுகிறார்கள், ஆனால் உதவுவது அதன் உடம்புக்குள் இருக்கும் நீர்தான், அதற்குக் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருந்தால் போதும். மல்லாந்திருக்கும்போது புத்தக நுரையீரலின், அதாவது புத்தகத் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் அதன் மூச்சு உறுப்பின், வாய்கள் மேல்நோக்கி இருக்கும், தெளித்த தண்ணீர் அதில் இறங்கிவிடலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

உள்ளே உயிருள்ள இரை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதற்காக மட்டும் மூடியைத் திறக்கலாம், ஓசைப்படாமல் நீண்ட இடுக்கியால் எடுத்துவிடுங்கள். நான் இதில்தான் கோட்டை விட்டேன். இரண்டாவது தோலுரிப்பின்போது மறந்துபோன ஒரு சிள்வண்டு உள்ளே இருந்தது, தோல் மெத்தென்று இருந்த என் சிலந்தியின் கால் ஒன்றைக் கடித்துக் குதறிவிட்டது. சாப்பாடாகப் போட்ட பூச்சி! அடுத்த முறை உரித்தபோது அந்தக் கால் சின்னதாக, மெலிசாக முளைத்தது, அதற்கடுத்த முறைதான் மற்ற கால்களோடு ஒத்துவந்தது.

உரித்து முடித்ததும் உடனே சாப்பாடு போடாதீர்கள். பல் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்தால்தான் கெட்டியானது என்று அர்த்தம். குட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கையில் எடுப்பதும் கூடாது.

ஒரு நாள் தாண்டியும் கால் சிக்கிக்கொண்டே இருந்தால் மட்டும், சிக்கிய இடத்தை மெல்லிய பிரஷால் தண்ணீர் தொட்டு நனைத்துப் பாருங்கள். இழுக்கக் கூடாது, அனுபவமுள்ளவர் யாராவது இருந்தால் உடனே கேளுங்கள்.

பழைய தோலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிலந்தி விலகிப் போனதும் எடுத்து, சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறவைத்து வயிற்றுப் பகுதியை விரித்துப் பார்த்தால், பெண்ணாக இருந்தால் மேல்பக்க நுரையீரல்களுக்கு நடுவே ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் பை ஒரு சின்ன மடிப்பாகத் தெரியும். நான் ஒன்றரை வருடமாக ராஜா என்று கூப்பிட்டது பெண் என்று அப்படித்தான் தெரிந்தது. பெயரை மாற்றவில்லை, அதற்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.