கூட்டமாகச் சேர்ந்த மனிதர்களின் நடத்தையைக் கணிதத்தில் அடக்க முடியுமா?

"மனிதர்கள் அணுக்கள் இல்லையே, ஒவ்வொருவருக்கும் ஒரு மனசு இருக்கிறதே, சமன்பாடு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொருந்தும். நாளை நீங்கள் தனியாக என்ன செய்வீர்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஆனால் பலர் ஒருவரையொருவர் பார்த்து முடிவெடுக்கும் இடங்களில் கணிதத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த கணித மாதிரி (model), சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978இல் எழுதியது. ஒரு சதுக்கத்தில் 100 பேர் கோபத்தோடு நிற்கிறார்கள். ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண் இருக்கிறது: "இத்தனை பேர் கல்லெறிந்த பிறகு நானும் எறிவேன்." ஒருவருக்கு அது 0, அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. 0 எண்காரர் முதல் கல்லை எறிகிறார். அதைப் பார்த்து 1 எண்காரர், அந்த இருவரைப் பார்த்து 2 எண்காரர் என்று போய், கடைசியில் 100 பேரும் கல்லெறிகிறார்கள்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். 1 எண்காரருக்குப் பதில் இன்னொரு 2 எண்காரரை நிறுத்துங்கள். முதல் ஆள் எறிகிறார். ஒருவரைப் பார்த்ததும் இறங்கக்கூடிய ஆள் யாருமில்லை. அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிடுகிறது. முதல் ஊரைப் பற்றிப் பத்திரிகைகள் வெறிபிடித்த கும்பல் என்று எழுதும். இரண்டாவது ஊரில், அமைதியான மக்கள் நடுவே ஒரு கிறுக்கன் என்று எழுதும். கிரனோவெட்டரே இதைச் சுட்டிக்காட்டுகிறார். இரண்டு ஊரிலும் 99 பேர் அச்சு அசலாக ஒரே மாதிரியானவர்கள்! நடந்ததை வைத்து மக்களின் மனநிலையைப் படிக்கும் நம் பழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இதை நடத்தும்போது மாணவர்களிடம் துண்டுச்சீட்டு கொடுப்பேன். "தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுந்து நிற்க, உனக்கு முன் எத்தனை பேர் நிற்க வேண்டும்?" பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். சீட்டுகளைப் பிரித்துக் கரும்பலகையில் வரிசைப்படுத்திக் கூட்டினால், ஒரு பிரிவில் இரண்டு மூன்று பேரோடு நின்றுவிடும். பக்கத்துப் பிரிவில் வகுப்பே எழுந்துவிடும். இரண்டு வகுப்புக்கும் தேர்வு மேல் உள்ள வெறுப்பு ஒன்றுதான்.

இன்னும் ஆழமான விஷயம் ஒன்று உண்டு. அந்த 100 பேரின் எண்களும் சராசரி 25 கொண்ட இயல்நிலைப் பரவலில் இருப்பதாக வையுங்கள்; அதாவது பெரும்பாலோர் சராசரிக்குப் பக்கத்தில், விலக விலக ஆட்கள் குறைவு. சராசரியைத் தொடாமல் திட்டவிலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவை, மட்டும் மெல்லக் கூட்டுங்கள். சுமார் 12.2 வரை ஆறு பேர் அளவில்தான் இறங்குவார்கள். அதைத் தாண்டியதும் ஏறக்குறைய 100 பேரும் இறங்கிவிடுவார்கள். சராசரியான தயக்கம் துளியும் குறையவில்லை, பரவல்தான் கொஞ்சம் விரிந்தது. "சராசரி மனிதன் என்ன நினைக்கிறான்" என்று மட்டும் கேட்கும் ஆய்வுக்கு இது கண்ணிலேயே படாது.

1989இல், அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்ததைப் பாருங்கள். நிக்கோலாய் தேவாலயத்தைச் சுற்றித் ஆட்சியை எதிர்த்துத் திங்கட்கிழமைதோறும் கூடியவர்கள், செப்டம்பரில் சில ஆயிரம் பேர். அக்டோபர் 9 அன்று சுமார் 70,000. நவம்பர் 9 அன்று பெர்லின் சுவரே திறந்துவிட்டது. இதை ஏன் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதற்குப் பொருளியலாளர் திமூர் குரான் 1991இல் இந்த வகை மாதிரியை வைத்தே விளக்கம் கொடுத்தார். பயத்தால் மக்கள் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருந்தார்கள். அந்த எண்கள் வெளியே தெரியவே வழியில்லை. சிலருக்குத் தன் எண்ணே தெரிந்திருக்காது. கணிக்க முடியாது என்பதற்கான காரணத்தையும் கணிதமே காட்டுகிறது. இதை நான் பெரிய வெற்றியாகவே பார்க்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு வளைகோடு வரைந்து "முன்பே சொன்னோம்" என்பவர்களை நம்பாதீர்கள்.

இந்த மாதிரிக்குக் குறைகளும் உண்டு. எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள் என்பது அதன் எளிய வடிவத்தின் அனுமானம். நிஜத்தில் முகம் தெரியாத பத்துப் பேர் இறங்குவதைவிட நம் நண்பன் ஒருவன் இறங்குவதுதான் நம்மை அசைக்கும். போலீஸ் தடியோடு வந்தால் அந்த எண்ணே மாறிவிடும்.

நீங்களே செய்து பார்க்கப் பள்ளி அளவுப் புள்ளியியலும் எக்செல்லும் போதும். முதலில் 0 முதல் 99 வரை போட்டு, ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். அப்புறம் இயல்நிலைப் பரவலுக்குப் போங்கள். அங்கே 100 பேரை மட்டும் வைத்தால் ஒவ்வொரு முறையும் விடை தாவும். பைத்தான் என்ற நிரல்மொழியில் லட்சம் பேரை எடுத்து, எண்களை விழுக்காடாக வைத்து ஓட்டினால்தான் அந்த 12.2 தெளிவாகத் தெரியும்.