அம்பு முத்திரையும் தொரைமார் துப்பாக்கியும்

ஹட்டன் வாசகர்: தாத்தா தோட்டத் தொரை பங்களாவில் அப்புவாக (வேலையாளாக) இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு ரிவால்வர். வெப்லி, மார்க் 6, 1917 என்று இருக்கிறது. என்ன விலை போகும்?

விலையை விடுங்கள். உரிமம் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றம். உள்ளே தோட்டா இருக்கலாம், தொடாமல் பொலிஸை வரச் சொல்லுங்கள். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். ஆண்டு பொருந்துகிறது, பிரிட்டிஷ் இராணுவம் அந்த மாடலை எடுத்தது 1915இல். ஒற்றை அம்பு முத்திரை என்றால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புகள் என்றால் இராணுவமே விற்றுக் கழித்தது. தொரை கைக்கு எப்படி வந்தது என்பதற்கு அதில் விடை இருக்கலாம்.

பண்டாரவளை வாசகி: சுவிஸில் இருக்கும் தம்பி உரிமம் உள்ள சேகரிப்பாளன். எஸ்/42 என்று போட்ட லூகர் என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்றை 1942 தயாரிப்பு என்கிறார்களாம்.

இல்லை. அது மௌசர் தொழிற்சாலையின் இரகசியக் குறி. ஆண்டைத் தோட்டா அறையின் மேல் பார்க்கச் சொல்லுங்கள். 1934க்கு கே, 1935க்கு ஜி என்று எழுத்து மட்டும். 1936 முதல் முழு ஆண்டு. 1942க்கு முன்பே மௌசரின் குறி பிஒய்எஃப் என்று மாறிவிட்டது. சின்னப் பாகங்களில் இருக்கும் இரண்டு இலக்கங்களும் தொடர் எண்ணின் கடைசி இரண்டோடு ஒத்துப்போக வேண்டும். அப்புறம், லூகரை முதலில் எடுத்த இராணுவமே சுவிஸ்தான், 1900இல். தம்பி ஊர்ச் சரக்கையும் பார்க்கட்டும்.

நாவலப்பிட்டி வாசகர்: மாமாவின் உரிமமுள்ள வெப்லி மங்கிவிட்டது. தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

ஐயோ, வேண்டாம்! பித்தளைக் குத்துவிளக்கா அது? எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிற வரைக்கும்தான் அது முத்திரை. தேய்க்கத் தேய்க்க ஓரம் உருண்டு, பள்ளம் ஆழம் குறைந்து, அம்பு வெறும் கீறலாகிவிடும். மேலே புதுக் கருநீல மெருகு ஏற்றினாலும் உள்ளே தேய்ந்த எழுத்து காட்டிக்கொடுக்கும். நம் ஊரில் பழைய இரும்பைக் கண்டாலே கை அரிக்கிறது. எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

பதுளை வாசகர்: போனில் வந்த படத்தைப் பார்த்து பயனெட் என்ற துப்பாக்கி முனைக் கத்திக்கு 15,000 ரூபாய் போட்டேன். இப்போது போனை எடுக்கவில்லை.

எடுக்க மாட்டார்.

கண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை: 1944இல் பேராதனையில் இருந்த மவுண்ட்பேட்டன் தலைமையகத்து அதிகாரியின் துப்பாக்கி உறை என்று ஒரு கடையில் வாங்கினேன். தோலில் அம்பு இருக்கிறது. மகன் போலி என்கிறான்.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. தலைமையகம் இருந்தது உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் விற்கிறார்கள். நானும் இதே கதையை நம்பி ஓர் உறை வாங்கினேன். வீட்டில் விரித்தால் புதுச் சப்பாத்து மணம். பழைய முத்திரைக் குழிக்குள் அழுக்கும் மெழுகும் இறுகிக் கிடக்கும். என்னுடையதில் அம்புக்குள் தோல் வெளிறிக் கிடந்தது. பற்றுச்சீட்டில் "1944" என்று எழுதியிருந்தால் பத்திரமாக வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. நாளைக் கடத்தாதீர்கள். நான் வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன், இப்போது அதில் தோட்டக் கத்தரிக்கோல் தொங்குகிறது.