கிரீன் கார்டு இருக்கிறது, வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருக்கிறது: குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: வக்கீல் ஐயா, 2011ல் கணவரைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில் அமெரிக்கா வந்தேன். 2018ல் கிரீன் கார்டு கிடைத்தது. கணவருக்குப் போன வருஷம் குடியுரிமை வந்துவிட்டது. கொழுந்தனார் வீட்டில் எல்லோரும் வாங்கியாயிற்று, நான் மட்டும்தான் பாக்கி என்று குத்திக்காட்டுகிறார்கள். 2022ல் கும்பகோணத்தில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது ஏழரை மாதம் அங்கேயே இருந்தேன். அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அம்மா தனியாக இருக்கிறார். அவரை அழைத்துக்கொள்ளத்தான் எனக்குக் குடியுரிமை வேண்டும். 2019ல் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் கடுகடுவென்று ஏதேதோ கேட்டார். கிரீன் கார்டைக் காட்டினேன், தலையாட்டினேன், திரையில் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நாளில் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. ஒருமுறை வாக்குச்சீட்டும் வந்தது, அதை என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. எங்களுக்கு வரிக்கணக்கு பார்ப்பவர், "குடியுரிமைப் படிவத்தில் வாக்காளராகப் பதிந்தீர்களா என்று கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்று போடுங்கள், ஐந்து வருஷம் ஆகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். அந்த லைசென்ஸ் அலுவலகத்தின் மீது வழக்குப் போடலாமா?
- வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: அண்ணனையும் கொழுந்தனாரையும் கவுன்ட்டர்காரரின் கடுகடுப்பையும் ஓரமாக வையுங்கள். வழக்குப் போடும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அப்படி ஒரு வழக்குப் போட்டால், உங்களுக்கு எதிரான முதல் சாட்சியத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஏழரை மாதப் பயணம் சமாளிக்கக்கூடியதுதான். ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருஷத்துக்குள் வெளியே இருந்தால், குடியுரிமைக்கு வேண்டிய தொடர் வசிப்பு அறுந்ததாக ஓர் அனுமானம் எழும். கணவர் இங்கே, பிள்ளைகள் இங்கே பள்ளியில், வீடு இங்கே, வரி கட்டியிருக்கிறீர்கள் என்று காகிதம் காட்டி அதை உடைக்கலாம்.

இங்கே லைசென்ஸ் கவுன்ட்டரிலேயே வாக்காளர் பதிவும் நடக்கும். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். 2019ல் அந்தத் திரையில் "நான் அமெரிக்கக் குடிமகள்" என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா?

போட்டிருந்தால் அது பொய்யான குடியுரிமை உரிமைகோரல். 1996 செப்டம்பர் 30க்குப் பிறகு நடந்த இத்தகைய உரிமைகோரல் ஒவ்வொன்றும் நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம். தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்பதுகூட இரண்டாம் பட்சம். பொய் என்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2019ல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. "கணவர் குடிமகன்தானே, அவர் மூலம் மறுபடி கிரீன் கார்டு வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இந்தத் தவறுக்கு விலக்கு கிடையாது. பெற்றோர் இருவரும் அமெரிக்கக் குடிமக்களாக இருந்து, பதினாறு வயதுக்கு முன்பே இங்கே நிரந்தரமாகக் குடிவந்தவர்களுக்குத்தான் சட்டம் ஒரு சிறு சந்து விட்டிருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் மாநிலத்துக்கே உரிய வழக்கு ஒன்று இருக்கிறது. பெருவில் பிறந்த ஒரு பெண்மணி, உங்களைப் போலவே இல்லினாயில் லைசென்ஸ் வாங்கப் போனார், கிரீன் கார்டைக் காட்டினார், குடிமகள் என்ற கட்டத்தில் டிக் அடித்தார். 2006ல் வாக்களித்தார். 2007ல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலே நாடு கடத்தல் வழக்கானது. கவுன்ட்டரில் இருந்தவர் தடுக்கவில்லையே என்ற வாதம் 2017ல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. உங்கள் ஊருக்கும் அதே நீதிமன்றம்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இல்லினாயில் 2018 ஜூலைக்கும் 2019 டிசம்பருக்கும் இடையில், "நான் குடிமகன் அல்ல" என்று சொன்ன 574 பேரின் விவரங்கள் கம்ப்யூட்டர் கோளாறால் தேர்தல் துறைக்குப் போய்விட்டதாக மாநில அரசே 2020 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. நீங்கள் போனதும் அதே காலம். நீங்கள் "இல்லை" என்று சொல்லியும் இயந்திரம் அனுப்பியிருந்தால், உங்கள் மீது தவறில்லை. அதற்குக் காகிதம் வேண்டும், "தலையாட்டினேன்" என்ற ஞாபகம் போதாது.

எனவே முதல் வேலை, கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்திலிருந்து உங்கள் வாக்காளர் பதிவு விண்ணப்பத்தின் சான்றிட்ட நகலையும் வாக்களித்த வரலாற்றையும் எடுப்பது. லைசென்ஸ் அலுவலகத்தில் அன்று பதிவான விடைகளும் வேண்டும். இதையெல்லாம் வக்கீல் மூலம் கேளுங்கள். "நான் குடிமகள் இல்லை, தவறுதலாக டிக் அடித்துவிட்டேன், பெயரை நீக்குங்கள்" என்று சொந்தமாக ஈமெயில் அனுப்பிவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயரை நீக்கத்தான் வேண்டும். ஆனால் நகல் கைக்கு வந்த பிறகு, என்ன வாசகத்தில் கேட்பது என்று யோசித்துக் கேட்க வேண்டும்.

வாக்குச்சீட்டு வந்தது, ஞாபகம் இல்லை என்கிறீர்கள். இல்லினாயில் யாராவது கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் வாக்குச்சீட்டு தபாலில் வரும். கேட்டது யார்? வீட்டில் விசாரியுங்கள். நீங்கள் மறந்தாலும் கவுன்ட்டி ஏட்டில் அது இருக்கும்.

இனி வரிக்கணக்குக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பொய்யாகக் குடியுரிமை கோரி வாக்காளராகப் பதிந்ததற்குக் கிரிமினல் வழக்குப் போட ஐந்து வருஷ வரம்பு உண்டு. நாடு கடத்தலுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவம், எப்போதாவது குடிமகள் என்று சொல்லியிருக்கிறீர்களா, வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா, வாக்களித்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்கிறது. இன்டர்வியூவில் சத்தியப்பிரமாணம் வாங்கிக்கொண்டு அதிகாரி மறுபடியும் கேட்பார். அங்கே "இல்லை" என்று பொய் சொன்னால் 2019ன் பழைய தவறோடு இன்று செய்த புதிய குற்றமும் சேர்ந்துகொள்ளும். கிரிமினல் வழக்குக்கான காலக்கணக்கும் புதிதாகத் தொடங்கும். பொய் சொல்லிக் குடியுரிமையே வாங்கிவிட்டாலும், அதைப் பறிக்கும் சிவில் வழக்குக்குக் காலாவதியே இல்லை.

"போட்டுப் பார்ப்போம், போனால் 710 டாலர்தானே" என்று ஆன்லைனில் தட்டிவிடுகிறார்கள். அதிவேகமாகக் கார் ஓட்டி அபராதம் கட்டியதைக்கூட விடாமல் எழுதுகிறவர்கள், இந்தக் கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறார்கள். பிறகு பயந்து விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினாலும், எழுதியது கோப்பில் அப்படியே இருக்கும். நிராகரிக்கும்போது, நாடு கடத்தத்தக்கவர் என்று தெரிந்தால் கையோடு குடிவரவு நீதிமன்ற நோட்டீஸ் கொடுக்கும் போக்கு 2025 பிப்ரவரியின் கொள்கைக் குறிப்புக்குப் பிறகு கடுமையாகியிருக்கிறது. நன்னடத்தையை எடைபோடுவதும் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து இறுகியிருக்கிறது.

பச்சையாகவே சொல்கிறேன். நகலில் உங்கள் கையெழுத்து அந்த வாசகத்தின் கீழ் இருந்தால், குடியுரிமையை மறந்துவிட்டு கிரீன் கார்டோடு இருங்கள். பத்து வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்கும் ஐ-90 படிவம் வாக்காளர் கேள்வி எதையும் கேட்பதில்லை. பதினெட்டு வயதுக்குள் கிரீன் கார்டோடு உங்களுடன் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பா மூலம் குடியுரிமை தானாகவே வந்திருக்கும், பாஸ்போர்ட் எடுத்தால் போதும். கொழுந்தனார் பேசினால் பேசட்டும். சும்மா இருந்தால் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். வாக்காளர் பட்டியலை மத்திய அரசின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது 2025ல் பெரிதாகியிருக்கிறது. ஆனாலும் நீங்களாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். நோட்டீஸ் வந்தால் உங்களுக்கு ஒரு வழி உண்டு: ஐந்து வருஷ கிரீன் கார்டு, அனுமதி பெற்று நுழைந்ததிலிருந்து ஏழு வருஷத் தொடர் வசிப்பு, இரண்டும் இருப்பதால் நாடு கடத்தலை ரத்து செய்யும்படி நீதிபதியிடம் கேட்கலாம். கொடுப்பது அவர் விருப்பம், ஆயுளில் ஒருமுறைதான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நகலில் "குடிமகள் அல்ல" என்று இருந்தால், வாக்களிக்கவும் இல்லை என்றால், அந்தக் காகிதத்தை இணைத்து, பதிவு நடந்ததை மறைக்காமல் எழுதி, வக்கீலோடு இன்டர்வியூவுக்குப் போகலாம்.

அம்மா விஷயம். பெற்றோருக்கு மனுப்போட நீங்கள் குடிமகளாக இருக்க வேண்டும், கணவர் மாமியாருக்குப் போட முடியாது. அதுவரை அம்மா பார்வையாளர் விசாவில் வந்து போகட்டும். நீங்கள் கும்பகோணம் போனால் 180 நாளைத் தாண்டாதீர்கள். தாண்டினால், திரும்பும்போது ஏர்போர்ட்டில் புதிதாக அனுமதி கேட்பவராகவே உங்களைச் சட்டம் பார்க்கும். இந்தப் பிரச்சினையை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கக் கூடாது.

வரிக்கணக்குக்காரரிடம் கையெழுத்துப் போட்ட என்-400 ஏதும் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். அவர் உங்கள் பெயரில் ஆன்லைன் கணக்குத் திறந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதிலிருக்கும் பாதி நிரப்பிய படிவத்தை மட்டும் தொடாதீர்கள், உங்கள் வக்கீல் முதலில் படிக்கட்டும்.