கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்த சால்மன் மீன் இரையே தின்னாது என்கிறார்கள். பிறகு தூண்டிலை ஏன் கடிக்கிறது?

உண்மைதான், தின்னாது. பசிபிக் சால்மன் முட்டையிட ஆற்றுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். வயிறும் குடலும் சுருங்கிப்போகும். கடலில் சேர்த்த கொழுப்பை வைத்தே மேலேறி, முட்டையிட்டு, செத்துப்போகும்.

அப்புறம் ஏன் கடிக்கிறது? தூண்டிலில் கட்டிய தகடு மூக்குக்கு நேரே மினுமினுத்துச் சுழன்று வந்தால் எரிச்சலில் பாய்கிறது என்பது ஒரு விளக்கம். கடலில் வேட்டையாடிய பழக்கம் விடவில்லை என்பது இன்னொன்று. மீனிடம் கேட்கவா முடியும்? எனக்கு இரண்டும் சேர்ந்தது என்றே படுகிறது. ஆற்றுக்கு வந்து நாளாகாத, வெள்ளி நிறம் மாறாத மீன் நன்றாகக் கடிக்கும். கறுத்துச் சிவந்தது பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது.

ஸ்டீல்ஹெட் கதை வேறு. அது கடலுக்குப் போய்வரும் ரெயின்போ டிரவுட் மீன்; இரண்டும் ஒரே இனம். முட்டையிட்டபின் எல்லாமே சாவதில்லை, சில கடலுக்குத் திரும்பி மறுபடி வரும். ஆற்றிலும் கொஞ்சம் இரையெடுக்கும். சால்மன் இட்ட முட்டைகள் உருண்டுவரும் என்று சற்றுக் கீழே காத்து நிற்பதும் உண்டு. அதனால்தான் தக்கைக்குக் கீழே சால்மன் முட்டையைக் கோத்து, நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்கவிடுகிறார்கள். மழைவெள்ளம் வடிந்து, தண்ணீர் இளம்பச்சையாகத் தெளியும் நாளில் போங்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்கள் பக்கம் என்றால், ஸ்டீல்ஹெட் சிக்கியதும் வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பைப் பாருங்கள். வெட்டப்பட்டிருந்தால், பொரிப்பகத்தில் முட்டை பொரிக்கவைத்து வளர்த்து விட்ட மீன். முழுதாக இருந்தால் பெரும்பாலும் ஆற்றிலேயே பிறந்தது. பெரும்பாலான இடங்களில் அதை விட்டுவிட வேண்டும்.