அனுமதியின்றி வராதவருக்கு வேலை தானாகவே போய்விடுமா?

கேள்வி: என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். கடும் மனச்சோர்வால் ஏழு மாதங்களாக வேலைக்குப் போகவில்லை. விடுப்பு விண்ணப்பமும் கொடுக்கவில்லை. இப்போது 17(ஆ) குறிப்பாணை வந்திருக்கிறது. "வேலை போனது போனதுதான், பதில் எழுதி என்ன ஆகப்போகிறது" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சரியில்லை, சகோதரி. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(அ) என்பது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கான வழி. 17(ஆ) பணிநீக்கம் வரை செல்லக்கூடியது. ஆகவே நீங்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் குறிப்பாணை வெறும் குற்றச்சாட்டுதான். அதற்கு எழுத்துமூலம் விளக்கம் கொடுக்கவும், வாய்மொழி விசாரணை வேண்டுமென்று கேட்கவும் அதே விதி உங்கள் கணவருக்கு உரிமை தருகிறது. விசாரணை வேண்டும் என்பதை அந்த விளக்கத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பதிலே கொடுக்காமல் இருந்துவிட்டால், அவர் தரப்பில் சொல்ல எதுவுமில்லை என்றே கோப்பு நகரும்.

மத்திய உளவுத்துறை ஊழியர் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு மிகவும் பயன்படும். ஒருவர் அனுமதியின்றி வரவில்லை என்பதாலேயே அவர் கடமை தவறியவர் ஆகிவிட மாட்டார். நோய், விபத்து, மருத்துவமனையில் இருந்தது போன்று அவர் கையை மீறிய காரணங்கள் இருந்திருக்கலாம். வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்பது விசாரணையில் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அப்படியென்றால் ஒரு மருத்துவச் சான்றிதழ் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். "ஏழு மாதத்தில் ஒரு கடிதம்கூட எழுத முடியவில்லையா?" என்று விசாரணை அலுவலர் நிச்சயம் கேட்பார். மனச்சோர்வில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுவதும் மலையாகிவிடும் என்பதை, சிகிச்சை அளித்த மருத்துவரே எழுத்தில் சொல்ல வேண்டும். தேதியுள்ள புறநோயாளி சீட்டுகள், மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் சேர்த்து வையுங்கள். முன்தேதியிட்ட சான்றிதழ் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால், தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். உண்மையான நோயையும் அது பொய்யாக்கிவிடும். உடல்நலம் தேறியிருந்தால், மீண்டும் பணியில் சேர அனுமதி கேட்டு, மருத்துவத் தகுதிச் சான்றுடன் இப்போதே மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளட்டும். விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகல் அவருக்குத் தரப்பட வேண்டும் என்பது 1993-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்த உரிமை. அதற்கும் அவர் பதில் எழுதலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் அரசு ஊழியர் ஒருவர் ஓராண்டாக வருவதே இல்லை. மக்கள் நடையாய் நடக்கிறோம். உடனே நீக்கினால் என்ன?
– ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆயினும் அரசியல் சாசனத்தின் 311(2) பிரிவு, பொதுவாக விசாரணையின்றி அரசு ஊழியரை நீக்க இடம் தரவில்லை. விடுப்பு முடிந்தும் திரும்பாத ஜோத்பூர் சிறை ஊழியர் ஜெய்சங்கரின் வழக்கில், விதிப்படி பதவி தானாகவே போய்விட்டது என்று ராஜஸ்தான் அரசு வாதிட்டும், அவருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்பு தந்திருக்க வேண்டும் என்று 1966-இல் வெளியான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. முறையாக அறிவிப்பு அனுப்பியும் அவர் வராவிட்டால், அவர் இல்லாமலேயே விசாரணையை நடத்தி முடிக்கலாம். கோப்பைத் தொடாமல் வைத்திருக்கும் மேலதிகாரியிடம்தான் தவறு இருக்கிறது என்பது என் கருத்து. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த ஊழியருடைய ஒழுங்கு நடவடிக்கை விவரங்களைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கப்படலாம். ஆகவே அந்த இடத்தின் பணியைக் கூடுதல் பொறுப்பாக யாரிடம், எந்த நாளிலிருந்து ஒப்படைத்துள்ளனர் என்று கேளுங்கள்.